அத்தையிடம் ஜெபிஷா கேட்டது

என்னை எந்நாளும் 'எலே' என்றே கூப்பிட்ட அக்கா,

நீ எங்களை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஜெபிஷாவுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. போன மாதம் அவளைத் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஆட்டிசத்தின் கூறுகள் உண்டு என்றார். மூன்று வருடம் முன்பே நீ சொன்னதுதான். "எம் மக பைத்தியமா?" என்று அன்று உன்னிடம் சண்டை போட்டேன்.

அதைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னை அரிக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பெருங்கடவிளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். அல்சர் என்றே உன்னிடம் சொல்வதாக நானும் அத்தானும் பேசி வைத்திருந்தோம். ஆராதனை முடிந்து வந்த சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "ஒண்ணுமில்ல, அடுத்த மாசம் எழும்பி நடப்பா" என்றார்கள். ஜெபிஷா யார் முகத்தையும் பார்க்காமல் உன் மருந்துப் பெட்டிகளை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு சத்தமாகக் கேட்டாள்.

"அத்தை, இது கேன்சருக்குள்ள மருந்தாக்கும். நீங்க சாவப் போறீங்களா?"

நான் அவள் முதுகில் ஓங்கி அடித்து, கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். "எலே, பிள்ளைய அடிக்காத!" என்று நீ உள்ளேயிருந்து கத்தினாய். அவள் அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, "கேட்டது தப்பா அப்பா? வாசிச்சது தப்பா?" என்றாள்.

"இனி யாருட்டயும் ஒண்ணும் கேக்கப்பிடாது" என்றேன்.

அதன்பிறகு நீ மூன்று முறை போன் செய்தாய். "பிள்ளையக் கூட்டிட்டு வா மக்கா. அவ கேட்டதுக்கு நான் இன்னும் பதிலு சொல்லல்ல." ஒரு முறை பரீட்சை என்றேன். ஒரு முறை காய்ச்சல் என்றேன். மூன்றாவது முறை, "வாறேன் அக்கா" என்றேன். வரவில்லை. நாலு பேர் முன்னால் பட்ட வெட்கம் அன்று எனக்கு உன்னைவிடப் பெரிதாக இருந்தது.

அடக்கம் முடிந்ததும் அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துலே. பேச வந்தப்பல்லாம் நான் வேற பேச்ச எடுத்தேன். ஜெபிஷாகிட்டயாவது சொல்லணும்னு கெடந்து துடிச்சா."

என்ன சொல்ல இருந்தாய் அக்கா?

ஜெபிஷா நான் சொன்னபடியே நடந்தாள். கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். வகுப்பில் பாடம் புரியாவிட்டாலும் கேட்பதில்லை. "இப்போ நல்ல அடக்கமுள்ள குட்டியாயி" என்று, அடக்கமான பிள்ளையாகிவிட்டதாக அவளுடைய டீச்சர் மலையாளத்தில் என்னிடம் புகழ்ந்தார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

போன வாரம் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். உதியன்குளங்கரை தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் கேட்டதுனாலயா அத்தை செத்தாங்க?"

இத்தனை மாதமும் பிள்ளை இதைத்தான் உள்ளே வைத்திருந்திருக்கிறாள்.

"இல்ல மக்கா. நோய் முத்திப்போச்சு."

"அப்போ எதுக்கு அடிச்சீங்க?"

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். "அப்பாவுக்குப் பயம். அத்தை நம்மள விட்டுப் போயிருவாளோன்னு."

"எனக்கும் பயம்தான். அதுனாலயாக்கும் கேட்டேன்" என்றாள்.

பத்து வருடம் வளர்த்தவன் நான். அந்தக் கேள்விக்குள் பயம் இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத் தெரிந்திருந்தது, இல்லையா?

வருகிற ஞாயிறு அவளை உன் கல்லறைக்குக் கூட்டி வருகிறேன். யார் நின்றாலும், அவள் என்ன கேட்டாலும், தடுக்க மாட்டேன். நீ சொல்ல இருந்த பதில் என்னிடம் இல்லை. தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். அவளிடம் இனி பொய் சொல்ல மாட்டேன் அக்கா.

கூப்பிட்டும் வராமல் போன உன் தம்பி,
ஜெபிஷாவின் அப்பா