கோயிலோடு நின்ற தார் ரோடு

அக்கா,

போன வாரம் மாசாயில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது, கழுவி அடுக்கியிருந்த தட்டை எடுத்துத் துண்டால் ஒரு துடை துடைத்தேன். கை தானாகச் செய்த வேலை. மருமகள் முகம் சுருங்கிவிட்டது. "அத்தே, இப்பத்தானே கழுவி வச்சேன்," என்றாள். "அம்மாவுக்கு எஸ்டேட் பழக்கம் லா. அங்க கழுவின தட்டுலயும் மண்ணு நிக்கும்," என்று மகன் சமாதானம் சொன்னான். அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் தார். பின்சந்தில் குப்பை லாரி வந்து போகிற இடத்துக்கும் தார். குப்பைக்குக்கூட இங்கே ரோடு போட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன். உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நம் இடம் எப்படி இருக்கும் என்று மருமகளுக்குச் சொல்லப் பார்த்தேன். சாஆ டவுன் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் முதலில் கோயில். அதைத் தாண்டி வளைந்தால் லைன் வீடுகள், வரிசையில் கடைசி வீடு உங்களுடையது. அதற்கப்புறம் செம்பனைத் தோட்டம், அதற்கு நடுவில் எண்ணெய் மில். விடிந்ததிலிருந்து குலை ஏற்றிய லாரிகள் அந்தச் செம்மண்ணை அரைத்துக்கொண்டே போகும், வெறும் லாரிகள் அதையே கிளப்பிக்கொண்டே வரும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. தூசி என்று சொன்னால் துடைத்துவிட்டால் போய்விடுகிற ஒன்று என்றுதான் தார் ரோட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள்.

நாம் இரண்டு பேரும் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வீடு திரும்பும்போது லாரி வந்தால், ஓரமாக ஒதுங்கிக் கண்ணை மூடிக்கொள்வோம். நீங்கள் மூடிய கண்ணோடு பேசிக்கொண்டே இருப்பீர்கள். "வாய மூடுங்கக்கா, மண்ணு போவும்," என்பேன். "போவட்டும் புள்ள. அதுக்குன்னு சம்பளத்துல பிடிக்கவா போறாங்க?" என்பீர்கள். அந்தப் பேச்சுக்கு நான் சிரித்து, என் வாயிலும் மண் போகும்.

பிறகு உங்களுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. சிகாமட் ஆஸ்பத்திரியில் மூச்சு இளக மூக்கில் மருந்துக் கேஸ் வைத்துவிட்டு, "எத்தனை வருசமா சிகரெட் பிடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். கோயில் சாம்பிராணியைத் தவிர வேறு புகை அறியாதவர் நீங்கள். "எங்க ரோடு பிடிக்குது டாக்டர், நான் இழுக்குறேன்," என்றீர்கள். டாக்டர் சிரிக்கவில்லை. தூசி இருக்கிற இடத்தில் இருக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் நீங்கள் அதையே சொல்லிக்கொண்டு வந்தீர்கள். "தூசிப் பக்கம் இருக்காதீங்களாம். வீட்டத் தூக்கிட்டு எங்க போறது?"

மில் ஆபீசில் போய்க் கேட்டீர்கள். தினம் ஒரு தடவை தண்ணீர் லாரி விட்டு ரோட்டை நனைத்தால் போதும் என்றீர்கள். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி நல்ல மனுசன்தான், ஆனால் கையை விரித்துவிட்டார். "தண்ணி லாரி திருவிழாவுக்கு விடுறதுதான்மா. சாமி ஊர்வலம் வரும்ல, அதுக்குத்தான் ஆர்டர்." அது உண்மைதான். திருவிழா அன்றைக்கு, சாமி புழுதியில் வரக்கூடாது என்று, கோயிலிலிருந்து லைன் கடைசி வரைக்கும் மில் தண்ணீர் அடித்துவிடும். வருசத்தில் அந்த ஒரு நாள் நமக்கும் நல்ல மூச்சு.

இன்னொருவராக இருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருப்பார். நீங்கள் நேராகக் கோயில் தலைவரிடம் போனீர்கள். "சாமி வெளிய வந்தா தண்ணி வருது. அப்ப மாசாமாசம் கூட்டிட்டு வாங்க," என்றீர்கள். அவர் முதலில் முழித்தார். பௌர்ணமி ஊர்வலம் என்று பெயர் வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அதற்கும் வழி சொன்னது நீங்கள்தான். அடுத்த பௌர்ணமிக்குப் பல்லக்கு வந்தது. பல்லக்குக்கு முன்னால் தண்ணீர் லாரி வந்தது.

அந்த நாட்களை நினைத்தால் மட்டும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. சாமி வருகிற நாள்தான் நம் லைனில் துணி துவைக்கிற நாள். ரோடு நனைந்த கையோடு கம்பளி, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் கொடிக்கு வந்துவிடும். சாத்தியே கிடக்கும் ஜன்னல்கள் திறக்கும். ஈரத்துணிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்துதான் பல்லக்கு வரவேண்டும். பூசாரி ஒரு தடவை பொறுக்கமாட்டாமல், "சாமி மூஞ்சிக்கு நேராவா உள்பாவாடையக் காயப் போடுறது?" என்று சத்தம் போட்டார். "துவைச்சதுதான் சாமி, பயப்படாதீங்க," என்றீர்கள். பல்லக்குத் தூக்கியவர்கள் சிரித்த சிரிப்பில் பல்லக்கே ஆடியது. அன்று மாலை நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு இருமல்கூட இல்லாமல் என்னிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். பக்தி என்று நினைத்துக்கொண்டு மில்லிலிருந்து ஒருவர் பழத்தட்டு அனுப்பினார்.

சில மாதம்தான் ஓடியது. புது மேனேஜர் வந்தார். வருசத்துக்கு ஒரு ஊர்வலம் போதும், டீசல் செலவாகிறது என்று நிறுத்திவிட்டார். நமக்கும் ஒரு பாடம் கிடைத்தது என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். அதுதான் தப்பான பாடம், அக்கா. மனுசனுக்கென்று கேட்டால் கிடைக்காது, சாமிக்கென்று கேட்டால் கிடைக்கும் என்று உங்கள் மனசில் பதிந்துவிட்டது.

தேர்தல் நெருங்கியபோது, நம் தொகுதியில் ஜெயித்த ஒய்.பி. ஓட்டுக் கேட்டுக் கோயிலுக்கு வந்தார். மாலை போட்டதும் நீங்கள் முன்னால் போய் நின்றீர்கள். இந்தத் தடவை நம் இருமலைச் சொல்லிவிடுவீர்கள் என்று நான் காத்திருந்தேன். நீங்களோ மலாயில், இது கோயில் ரோடு ஒய்.பி., எங்கள் சாமி புழுதியில் நடக்கிறது, ஒரு தார் போட்டுக் கொடுங்கள் என்றீர்கள். அவர் கையைக் கூப்பினார். போட்டோ எடுத்தார்கள். "ஏன்க்கா நம்ம கஷ்டத்தச் சொல்லல?" என்று அப்புறம் கேட்டேன். "நம்ம கஷ்டம் யாருக்கு வேணும்? சாமி பேர்ல வந்தா நமக்கும் சேத்துத்தானே வரும்," என்றீர்கள்.

வந்தது. தேர்தலுக்கு முன்னாலேயே வந்தது, அதில் ஒய்.பி. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சல்லி கொட்டினார்கள், தார் ஊற்றினார்கள், உருளை வண்டி முன்னும் பின்னும் ஓடியது. லைனே வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்த்தது. நீங்கள் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, தார் வாசனை பூ வாசனை மாதிரி இருக்கிறது என்றீர்கள். கோயில் வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தினார்கள். சாப்பாட்டு நேரம் போலும் என்று நினைத்தோம். சாமான்களை லாரியில் ஏற்றத் தொடங்கினார்கள். நீங்கள் ஓடிப்போய், ரோட்டு வேலையை மேற்பார்த்த மண்டோரைக் கேட்டீர்கள். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "கோயில் ரோடுதானே கேட்டீங்க? கோயில் வந்துருச்சு."

நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நடு ரோட்டில் புதுத் தார் மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நான் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு எல்லார் மேலும் கோபம். இப்போது சொல்கிறேன், உங்கள் மேலும்தான்.

அதற்கப்புறம் நம் பக்கம் முன்பைவிட மோசமானது. நல்ல ரோடு கிடைத்துவிட்டதால் லாரிகள் பெரிய ரோட்டிலிருந்தே வேகம் பிடித்து வந்தன. தார் முடிகிற இடத்தில் அந்த வேகத்தோடு செம்மண்ணில் இறங்கின. கோயிலில் சாமி சுத்தமாக இருந்தது. நாம் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டினோம், கதவிடுக்கில் ஈரக் கைலியைச் செருகினோம். கேஸ் வைக்க மாதம் ஒரு தடவை போய்க்கொண்டிருந்த நீங்கள் வாரம் ஒரு தடவை போனீர்கள். கடைசித் தடவை போய்த் திரும்பவில்லை.

உங்களைக் கொண்டுவந்த அன்று அந்தக் கிராணி மனசு வைத்து, உங்களை எடுக்கும் வரைக்கும் லாரிகளை மில்லுக்குள்ளேயே நிறுத்திவைத்தார். காலையிலிருந்து ஒரு லாரி இல்லை. செம்பனை ஓலைகள் பச்சையாகத் தெரிந்தன. "காத்து எவ்வளோ நல்லா இருக்கு பாரு," என்று யாரோ என் பின்னால் சொன்னார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். உங்கள் வேன் பெரிய ரோட்டில் திரும்பியதும் முதல் லாரி புறப்பட்டது.

போன மாதம் ஒய்.பி. ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள். மீதி ரோட்டைப் பார்க்க வந்திருப்பதாகத் தலைவர் சொன்னார். கோயில் வளைவில் நின்று, நம் வீடுகள் இருக்கும் பக்கம் கை காட்டி, அங்கே என்ன இருக்கிறது என்று அவர் மலாயில் கேட்டார். தலைவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், வீடு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறோம் என்று. உங்கள் பேரைச் சொன்னேன். எப்படிப் போனீர்கள் என்று சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "இத்து சஜா?" என்றார். அவ்வளவுதானா என்று. கேலியாகக் கேட்கவில்லை, அக்கா. வேறு ஏதாவது இருந்தால் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் கேட்டார்.

அவர் போன பிறகு தலைவர் என்னைத் திட்டவில்லை. "லைன் கடைசில ஒரு சின்ன மாடம் கட்டிருவோம். அடுத்த தடவ வந்து கேட்டா, அங்க சாமி இருக்குன்னு சொல்லலாம்," என்றார். செத்தாலும் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டேன் என்றேன். ஒரு அக்காவை அந்தப் பொய்க்குக் கொடுத்தது போதாதா என்று கத்தினேன். அப்புறம் பக்கத்து வீட்டுச் செல்வி என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய சின்ன மகளுக்கும் இப்போது கேஸ் வைக்கிறார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "எனக்கு ரோடு வந்தா போதும்க்கா. யார் பேர்ல வந்தா என்ன?" என்றாள். நீங்கள் சொன்னதைத்தான் அவளும் சொல்கிறாள். பிள்ளையை வாங்கி என் மடியில் போட்டு முதுகைத் தேய்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செங்கல் வந்து இறங்கியது. என்ன சாமி என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. அதற்குள்ளேயே ஆண்கள் இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். செல்வி வீட்டோடு போதும், அதற்குமேல் ஆள் இல்லை என்று தலைவர் அளவுக் கயிறு பிடித்தார். நான் போய்க் கயிற்றை வாங்கினேன். கடைசி வீட்டைத் தாண்டித்தான் மாடம் நிற்கவேண்டும் என்றேன். "பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு எதுக்கும்மா ரோடு?" என்று கேட்டார். குவிந்துகிடந்த செங்கற்களில் கை கொண்ட மட்டும் சுமந்துகொண்டுபோய், உங்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்தேன்.