நான்கு வேலைகளில் மூன்று

பதிவு 211. காலை 6.40
விண்வெளி நிலையம் சீராகச் சுற்றுகிறது. என் கணவர் சந்தானம் காலமான பின் இங்கே நான் மட்டும். கீழே பூமியை மூடிய சாம்பல் மேகம் விலகவில்லை.

ரேடியோவில் எனக்குப் பதில் தரும் ஒரே குரல் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டின் கார் ஷெட்டிலிருந்து வருகிறது. ரெஜினா, ஒன்பது வயது. தம்பி ஜோயல், ஐந்து. உணவு தேடிப் போன அப்பா திரும்பவில்லை. விறகு தீர்ந்துவிட்டது. உறைபனி. பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று நிற்கிறது. அது ஓடினால் ஹீட்டர் ஓடும், பிள்ளைகள் பிழைப்பார்கள். சாவியைத் திருகினால் இருமி நின்றுவிடுகிறதாம்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, நான் அவர்கள் தலைக்கு மேல் கடக்கும் எட்டு நிமிடம்தான் பேச முடியும். காரணம் புரியாமல் எதையும் செய்ய வைப்பது எனக்குப் பிடிக்காது. என்ஜின் வேலை செய்யும் விதத்தையே சொல்லித்தரப் போகிறேன்.

பதிவு 212. காலை 8.19
பாடம் நடந்தது.

"மிஸ், உள்ள யாராச்சும் உக்காந்து தள்ளுறாங்களா?" என்றான் ஜோயல்.

"யாரும் இல்ல. சைக்கிள் பம்பு பார்த்திருக்கியா? அந்த மாதிரி ஒரு குழாய். உள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் போகும். அதுக்கு நாலு வேலை. முதல்ல கீழ இறங்கி, காத்தையும் பெட்ரோலையும் உறிஞ்சும். குளிர்ல பெட்ரோல் கூடுதலா வேணும். அதுக்குத்தான் சோக் குமிழ். ரெஜினா, அதை வெளிய இழுக்கணும். ரெண்டாவது, மேல ஏறி நசுக்கும். மூணாவது, ஒரு பொறி விழும். எரியும். பிஸ்டனைக் கீழ தள்ளும். அந்தத் தள்ளுலதான் வண்டி ஓடுது."

"டமால்னு வெடிக்குமா?"

"வெடிக்காது. எரியும். சரியாச் சொல்லு."

"டமால்."

"விடுங்க மிஸ், அவன் லூசு" என்றாள் ரெஜினா.

நான் விடவில்லை. சரியாகச் சொல்லும்வரை சொல்ல வைத்தேன். "நாலாவது" என்று தொடங்கும்போது ரேடியோ எல்லை தாண்டிவிட்டேன்.

பதிவு 213. காலை 8.31
நான்காவது வேலை: பிஸ்டன் மேலே ஏறி, எரிந்த புகையை வெளியே தள்ளும்.

வெளியே என்பது ஷெட்டுக்குள்.

கதவிடுக்கில் எல்லாம் சாக்கைத் திணிக்கச் சொன்னது நான். நேற்று, குளிருக்காக. அந்தப் புகையில் உள்ள விஷத்துக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஓட்டத் தேவையானதை எல்லாம் சொல்லிவிட்டேன். கதவைத் திறக்கச் சொல்லவில்லை.

பதிவு 214. காலை 9.05
எல்லா அலைவரிசையிலும் அழைக்கிறேன். வேறு யாரும் இல்லை. ஜீப் கிளம்பியிருக்கக் கூடாது. நான் சொன்னது அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்கக் கூடாது.

பதிவு 215. காலை 9.46
"மிஸ், ஓடுது. அக்கா சோக்க இழுத்தா. கதகதன்னு இருக்கு."

"ஜோயல், கதவைத் திற. அக்காவை எழுப்பு."

"தலை வலிக்குதுன்னு படுத்தா. எந்திரிக்க மாட்டேங்கிறா."

"சாவியைத் திருப்பு. வண்டியை அணை."

"அணைச்சா குளிருமே மிஸ்."

"பரவாயில்லடா கண்ணு. அணை."

"எனக்கும் தூக்கம் வருது."

பதிவு 216. காலை 9.51
ரேடியோவில் பேச அழுத்தும் பொத்தான் அவன் கைக்கடியில் அழுந்திக் கிடக்கிறது போலும். அதை விடும்வரை நான் பேசுவது அங்கே கேட்காது. அங்கிருப்பது எனக்குக் கேட்கிறது. என்ஜின் சத்தம் மட்டும்.

சீராக ஓடுகிறது. நான் எல்லை தாண்டும்வரை நிற்கவில்லை.