வெந்நீருக்கு யாரிடம் நன்றி

என் அன்பு வால் மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். இங்கே நாங்கள் ஆண்டவருடைய கிருபையால் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதச் சொல்லி உன் அம்மா கட்டிலில் இருந்தபடி கண்ணாலேயே மிரட்டினாள், எழுதிவிட்டேன். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது அம்மா தூங்குகிறாள் என்றேன் அல்லவா, அவள் தூங்கவில்லை. காலில் ஆரம்பித்த அந்த நரம்பு வியாதி இப்போது தொண்டைக்கு வந்துவிட்டது. குரல் போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், ஏறக்குறைய போய்விட்டது. போனில் உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். அழ வேண்டுமென்றால் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படி, ஏனென்றால் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, அதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை.

பொறாமை என்றே வைத்துக்கொள். யார் மேல் என்றால், ஆண்டவர் மேல். சிரிக்காதே. அம்மா படுத்ததிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு மூட்டுவது நான், துணி துவைப்பது நான், வாளியில் வெந்நீர் கொண்டுவந்து துண்டை நனைத்துப் பிழிந்து அவளுக்கு உடம்பு துடைத்துவிடுவது நான். துடைத்து முடித்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, வெந்நீர் குடுத்தீரே ஆண்டவரே ஸ்தோத்திரம் என்பாள். வாளியோடு நான் பக்கத்திலேயே நிற்பேன். சோறு ஊட்டினால் சோற்றுக்கு ஸ்தோத்திரம், போர்வையைத் துவைத்துப் போட்டால் போர்வைக்கு ஸ்தோத்திரம், எல்லாம் மேலேதான் போகும், நடுவில் ஒருத்தன் நிற்பது கணக்கிலேயே இல்லை. போதகர் பார்க்க வந்தார், நான் போட்ட டீயைக் குடித்தார், அவரும் டீக்காகக் கர்த்தரைத் துதித்துவிட்டு அம்மாவின் விசுவாசத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார். எனக்கு இது புதிதில்லை. இத்தனை வருடம் பஸ் ஓட்டினேனே, மழையில் முன்னால் ஒன்றும் தெரியாமல் கண்ணைக் கசக்கிக் கசக்கி ஓட்டிக்கொண்டுவந்து நிறுத்துவேன், இறங்குகிறவர்கள் கடவுள் புண்ணியத்தில் வந்து சேர்ந்தோம் என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். டிரைவர் பக்கம் ஒருத்தரும் திரும்ப மாட்டார்கள். நீயும் அப்படித்தான். போன் எடுத்ததும் அம்மா எப்படி என்பாய், அடுத்து அம்மா சாப்பிட்டாளா என்பாய், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

அம்மாவுக்குக் குரல் நன்றாக இருந்தபோதே ஒருநாள் காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்கு ஸ்தோத்திரமோ அவரே வந்து வாளியைத் தூக்கட்டும் என்று வெந்நீரைக் காய வைத்துவிட்டு சமையலறையிலேயே நின்றுவிட்டேன். உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. பிறகு அவள் குரல் கேட்டது, இன்னிக்காவது அவர் கொஞ்சம் அசந்து தூங்குறாரே ஆண்டவரே, அதுக்கு ஸ்தோத்திரம் என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். போனவன் சும்மா இருந்திருக்கலாம், எனக்கு ஒரு தடவை நன்றி சொன்னா வாய் தேஞ்சா போயிடும் என்று கேட்டே விட்டேன். அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸுக்குச் சொன்னேன், என்னைத் தூக்கி உக்கார வச்ச டாக்ஸிக்காரருக்குச் சொன்னேன், அவங்கல்லாம் வெளி ஆளுங்க, உங்களுக்கும் சொன்னா நீங்களும் வெளி ஆளா ஆயிட மாட்டீங்களா என்றாள். உங்களை யார் குடுத்தாரோ அவருகிட்டதானே நான் சொல்ல முடியும் என்றாள். பதில் என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு வயிற்றெரிச்சல் தீரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இப்போது அந்த ஸ்தோத்திரமும் இல்லை. பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்றாலும் தனியாகக் கேட்கிற குரல் அது, உனக்குத் தெரியும். வெந்நீர் வாளியை வைத்தால் வாளிச் சத்தம்தான் கேட்கிறது. அவள் உதடு மட்டும் லேசாக அசைகிறது, சில நாள் அதுவும் இல்லை. அவருக்கென்ன, குரல் இல்லாவிட்டாலும் கேட்டுவிடுவார். எனக்குத்தான் ஒன்றும் கேட்பதில்லை. இதிலும் அவர்தான் ஜெயித்தார்.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான்தான் ஜெபிக்க வேண்டுமாம். எனக்கு அவளைப் போல வார்த்தை வராது, சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் என்று ஆமென் சொல்லப் போனேன், அவள் விரல் என் உள்ளங்கையில் தட்டியது. இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். வெந்நீருக்கு என்றேன், தட்டினாள். உனக்காகவும் மாப்பிள்ளைக்காகவும் பேரனுக்காகவும் சொன்னேன், தட்டினாள். போர்வைக்கு, ஜன்னல் வெயிலுக்கு, நர்ஸுக்காக, டாக்ஸிக்காரருக்காகக்கூடச் சொல்லிவிட்டேன். சோறு ஆறிப்போனது, எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோனது, அவள் விடுவதாக இல்லை. கண்ணைத் திறந்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தட்டிக்கொண்டிருந்த விரலை மெதுவாக எடுத்து என் நெஞ்சில் வைத்தாள். இந்த மனுஷனுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று நானே என் வாயால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பிறகுதான் ஆமென் சொல்ல விட்டாள். அப்புறம் ஆறிப்போன சோற்றைச் சூடாக்கிக் கொண்டுவந்து அவளுக்கு ஊட்டினேன்.

மாப்பிள்ளை வெளியில் சாப்பிடுவதைக் குறைக்கட்டும், பேரனுக்குக் குளிரில் காதை மூடிவிடு. உன்னையும் உன் வீட்டாரையும் ஆண்டவர் கண்மணி போலக் காக்கட்டும். மறக்காதே, இனி போன் செய்தால் அம்மா பதில் சொல்வாள் என்று காத்திருக்காதே, போனை அவள் காதருகில் வைப்பேன், நீ பாட்டுக்குப் பேசு. ஆனால் முதலில் ஒரே ஒரு தடவை, அப்பா எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிடு. அவளும் அதைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்தோத்திரத்தில் கடைசியாக வருகிற
உன் அப்பா