மூக்குப் பாறையின் விரிசல்

மார்ச் 3, திங்கள்

பத்தொன்பது வருடமாகச் சுற்றுலா அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே துண்டுப் பிரசுரங்களில் "கண்கொள்ளாக் காட்சி" என்று எழுதிக்கொண்டிருந்தவளை இன்று எழுப்பி, போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்கள். பள்ளத்தாக்கில் மொத்தம் ஆறு இடங்கள். ஓர் அருவி, ஒரு குகை, நான்கு காட்சிமுனைகள். பதினைந்தாம் தேதி சீசன் தொடங்குகிறது. அதற்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் – தகுதி அல்லது தகுதியில்லை, கீழே கையெழுத்து. போன வருடம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தடுப்புக் கம்பி உடைந்து இரண்டு பேர் விழுந்ததிலிருந்து மேலாளருக்கு வேறு யாருடைய கையெழுத்தாவது தேவைப்படுகிறது. ஏன் நான்? மற்ற எல்லோருக்கும் முழங்கால் வலியாம். எனக்கு மட்டும் இரும்புக் காலா?

மார்ச் 5, புதன்

ஜீப் ஓட்டுநருக்கு ஆபீஸில் ஹாரன் என்று பெயர். எதிரே ஈ வந்தாலும் அடிப்பார்.

அருவியில் கைப்பிடிக் கம்பி துருப்பிடித்திருக்கிறது, மாற்றச் சொல்லி எழுதினேன். குகையில் வௌவால் நாற்றம், மற்றபடி கெட்டி. கடைசியாகக் கிழக்கு முனையில் போய் நின்றேன். பனி விலக விலக, கீழே ஓடும் ஆறு துண்டு துண்டாகத் தெரிந்தது. முதலில் ஒரு மணல் திட்டு, அப்புறம் பாலத்தில் பாதி, அப்புறம் துணி துவைக்கிற யாரோ. நான் எழுதிய பிரசுரத்தில் இந்த இடத்துக்கு "சூரிய அஸ்தமனம் காண ஏற்றது" என்று இருக்கிறது. கிழக்குப் பார்த்த முனையில்! இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

மூக்குப் பாறை. எல்லோரும் வருவது இதற்காகத்தான். மலையின் முகத்திலிருந்து மூக்கு மாதிரி ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. பாதை தொடங்கும் இடத்தில் தம்பியின் டீக்கடை. மூன்று வேலை பார்த்து, மூன்றிலும் ஒட்டாமல், கடைசியில் இங்கேதான் காலூன்றினான். அனுமதி வாங்கித் தர அலைந்தவள் நான். "அக்கா இன்ஸ்பெக்டர் ஆயிட்டா" என்று மனைவியிடம் கேலி செய்துகொண்டே ஆம்லெட் போட்டுத் தந்தான்.

பிறகு பாறைக்குப் போனேன். கம்பிகள் உறுதி. திரும்பும்போது கால் இடறியது. காய்ந்த புல்லை விலக்கினால் – விரிசல். கம்பியிலிருந்து பத்தடி உள்ளே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. பேனாவை விட்டுப் பார்த்தேன், மூடி வரைக்கும் இறங்கியது. சின்னக் கல் ஒன்றைப் போட்டுவிட்டுக் குனிந்து கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

அப்படியென்றால் மூக்கு மொத்தமும் விரிசலுக்கு அந்தப் பக்கம். போட்டோ எடுக்க நிற்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம்.

தம்பியிடம் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

விரிசலின் இரு கரையிலும் சிவப்புப் பெயிண்டில் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். இடையில் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். குறுக்கே மெல்லிசாகச் சிமெண்ட் பூசினேன். பாறை அசைந்தால் பூச்சு உடையும். ஹாரன்தான் குழைத்துக் கொடுத்தார். தம்பி எட்டிப் பார்த்து, "என்னக்கா பண்ற?" என்றான். போர்டு நட அளவெடுக்கிறேன் என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

பூச்சில் ஒரு கீறல். தலைமுடி அளவு.

"வெயில்ல சீக்கிரம் காஞ்சா சிமெண்ட் தானா வெடிக்கும் மேடம்" என்றார் ஹாரன். இருக்கலாம். இருக்கலாம்தானே? புள்ளிகளை அளந்தேன். ஐம்பத்திரண்டா, ஐம்பத்துமூன்றா? ஸ்கேலை எப்படிப் பிடிக்கிறேன் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

மார்ச் 13, வியாழன்

மேலாளர் சொன்னார்: "விரிசல்னு எழுதினா மூடணும். மூடிட்டா அப்புறம் சீசனே இல்ல. பாறைன்னா விரிசல் இருக்கத்தானே செய்யும்? யோசிச்சு எழுதுங்க." எழுதாதே என்று சொல்லவில்லை. யோசி என்றுதான் சொன்னார். கெட்டிக்காரர்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். கடைக்குப் புதிதாக நாலு பெஞ்சு செய்திருக்கிறானாம், நீலப் பெயிண்ட் அடிக்கப் போகிறானாம். எந்த நீலம் என்று அரைமணி நேரம் பேசினான். வானத்து நீலம் வேண்டாம், சீக்கிரம் அழுக்காகும் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 15, சனி

காலை ஏழு மணிக்கே போய்ப் பாறையில் நின்றேன். யாரும் வரச் சொல்லவில்லை. மூக்கின் மேல் நிற்பவர்களை எண்ணினேன். ஏழு. பதினொன்று. பத்தொன்பது. எத்தனை பேரைத் தாங்கும்? யாருக்குத் தெரியும்? பத்துக்கு மேல் விடக்கூடாது என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, நகருங்க" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று நுனியில் நின்று போட்டோவுக்காக எகிறிக் குதித்தது. மூன்று தடவை. ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவள் பயந்து அழுதாள், அவன் என்னைத் திட்டினான், தம்பி வந்து மன்னிப்புக் கேட்டான்.

"உனக்கு என்னாச்சுக்கா? வந்தவங்கள இப்படியா விரட்டுவ?"

அப்போதும் அவன் முகத்தில் கோபம் இல்லை. கடையில் உட்கார இடமில்லாமல் கூட்டம். வேர்வையோடு சிரித்துக்கொண்டே ஓடினான். அவனை இப்படிப் பார்த்து எத்தனை வருடம்!

சொல்லித் தொலையேன். வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?

மார்ச் 16, ஞாயிறு

ஐம்பத்தைந்து. கூட்டம் வருவதற்கு முன்னால், விடிந்ததும் போய் மூன்று தடவை அளந்தேன். பூச்சு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வெயில் இல்லை, சிமெண்ட் இல்லை. பாறைதான்.

ஹாரனுக்குப் போன் செய்தேன். அரைமணியில் வந்துவிட்டார். என்ன ஏது என்று கேட்காமல் ஜீப்பைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி, வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஹாரன் அடித்துத் திருப்பி அனுப்பினார்.

அப்போதுதான் தம்பியிடம் சொன்னேன். எல்லாவற்றையும், கையெழுத்தையும் சேர்த்து. கத்துவான் என்று நினைத்தேன்.

"பத்து நாளா தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டான். "பெஞ்சுக்கு என்ன கலர்னு பேசிட்டிருந்தப்பவும் தெரியுமா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப வாயைத் திறக்காம இருந்துட்டு இப்ப வந்து வயித்துல அடிக்கிற."

அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மார்ச் 17, திங்கள்

கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். மேலாளர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மூணு நாளைக்கு முன்னாடி தகுதின்னு எழுதினதும் இதே கைதானே?"

"இதே கைதான் சார்."

பாறைக்குத் தடுப்பு வைத்தாயிற்று. என்னைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றியாயிற்று. ஜன்னல் இல்லாத அறை. ஹாரனுக்கும் ஒரு மெமோ, பாவம்.

மார்ச் 26, புதன்

பாறை ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். "நாளைக்கே விழலாம். நூறு வருஷம் நிக்கவும் செய்யலாம். தினமும் யாராவது அளந்து அனுப்பினா ஏதாவது சொல்ல முடியும்" என்றாராம். யார் அளப்பது? எனக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. மற்றவர்களுக்குத்தான் முழங்கால் வலி ஆயிற்றே.

ஏப்ரல் 2, புதன்

தம்பி போனை எடுக்கவில்லை. இது பதினோராவது தடவை.

ஏப்ரல் 9, புதன்

இரண்டு நாளாக மழை. கோப்பு அறைக்குள் சத்தம் மட்டும் கேட்கிறது. விழுந்துவிடு, விழுந்துவிடு என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து விழு. நான் சொன்னது சரிதான் என்று எல்லோருக்கும் தெரியும்படி விழு.

மதியம்தான் உறைத்தது. கீழே ஆறு இருக்கிறது, ஆற்றில் ஆட்கள் இருப்பார்கள். மேலே பாதையும் தம்பி கடையும் இருக்கின்றன. சீ, நான் என்ன மனுஷி?

ஏப்ரல் 10, வியாழன்

விழவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

"மேடம், உங்க பாறை சௌக்கியமா?" – கேன்டீனில் கணக்குப் பிரிவுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தம்பி மனைவி வந்தாள். வாசலிலேயே நின்றாள். கடையை ஆற்றோரம், பஸ் திரும்பும் இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். முன்பு வந்த கூட்டத்தில் பாதிகூட இல்லையாம்.

"அவருக்கு உங்க மேல கோவந்தான் அண்ணி. எனக்கும்தான். பாறையை மூடினதுக்கு இல்ல. முதல் நாளே சொல்லியிருந்தா நாங்களே கடையை எடுத்திருப்போம். ஆளுங்க விழுந்தாலும் பரவாயில்லன்னு டீ வித்துட்டிருப்போம்னா நினைச்சீங்க?"

இத்தனை நாளில் நான் இதை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அவன் என்ன சொல்லுவான் என்பதை அவனைக் கேட்காமல் நானே தீர்மானித்துவிட்டேன். என் பயத்தை அவன் தலையில் கட்டிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டே, "தினமும் காலைல எழுந்து மேல போயிட்டு வர்றார். எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறார்" என்றாள்.

மே 4, ஞாயிறு

காலை ஆறரைக்குப் போன். தம்பி. அக்காவும் இல்லை, ஹலோவும் இல்லை.

"நேத்து அம்பத்தேழு. இன்னிக்கு அம்பத்தெட்டு. ஸ்கேலை முனையிலேர்ந்து வச்சுப் பார்க்கணுமா, ஜீரோ கோட்டுலேர்ந்தா?"

"கோட்டுலேர்ந்து" என்றேன்.

"அப்ப சரியாத்தான் பார்க்கிறேன். ஒரு வாரக் கணக்கு எழுதி வச்சிருக்கேன். அந்த ஆய்வாளர் நம்பர் இருந்தா அனுப்பு."

"டேய், எந்தப் பக்கம் நின்னு அளக்கிற?"

"இந்தப் பக்கந்தான். எனக்கென்ன பைத்தியமா?"

வைத்துவிட்டான். நம்பரை அனுப்பினேன்.