ஊதிக் காட்டச் சொன்னேன்

நேற்று என் கூடப்பிறந்த காக்காவின் மகளுடைய கலியாணச் சோற்றில் ஒரு கராம்பு பல்லில் அகப்பட்டது. மற்றப் பெண்கள் அதை எடுத்துச் சகன் தட்டின் ஓரத்தில் வைத்தார்கள். நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். உங்களுடைய வாசம்.

சூறாவளிக்கு அடுத்த வருடம் உங்களுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. வாய் கசக்குது என்று சட்டைப் பையில் கராம்பு வைத்து மென்றுகொண்டிருந்தீர்கள். கல்முனையில் இரத்தம் சோதித்தோம். ஈரலின் நொதியங்கள் இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு. நீங்கள் மருந்து வரிசையில் நின்றபோது டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்கட புருஷன் குடிக்கிறவரா தங்கச்சி?"

"இல்ல."

"குடிக்காத ஆக்களுக்கும் இப்படி வரும். காரணம் இப்ப சொல்லேலாது. ஒரு மாதத்தில திரும்பச் சோதிப்பம்."

வீட்டுக்கு வந்து காக்காவிடம் அந்தக் கேள்வியை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. மறக்கவில்லை, மறைத்தேன். குடி என்றால் நிறுத்தலாம், நிறுத்தினால் பிழைப்பீர்கள். காரணம் தெரியாத நோயோடு ஒரு மாதம் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் குடிகாரராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை வேறு எப்படி எழுதுவது?

எங்கள் ஊரில் ஈரல் நோய்க்கு ஒரே பெயர்தான்: குடி. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்கிற ஊர். வீடு என்னுடையது. நீங்கள் பாலமுனையிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து, அடுத்தவன் வயலுக்குக் கூலிக்கு மருந்தடித்தவர். உங்களைக் கேட்க எல்லோருக்கும் வாய் இருந்தது. அம்பாறைக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிற வயல்சொந்தக்காரப் போடியாரின் வாயை ஒருவனும் மணந்து பார்க்கவில்லை.

"கராம்பு என்னத்துக்கு மச்சான்? வேற மணத்த மறைக்கவா?" என்று காக்கா சிரித்தார். நான் உங்கள் முன்னால் வந்து நின்றேன்.

"ஊதிக் காட்டுங்க."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தீர்கள். என் முகத்தில் ஊதினீர்கள். கராம்பு மட்டும்தான் மணத்தது.

"காணுமா புள்ள, போதுமா?"

மாதம் முடிந்ததும், சோதிக்கப் போவோம் என்றேன். "என்ட சொல்ல நம்பாத நீ, என்ட இரத்தம் சொன்னா நம்புவியோ?" என்றீர்கள். போகவில்லை. அடுத்த அறுவடைக்கு முன்னம் உங்களை அடக்கினார்கள். வயலுக்கு அடித்த மருந்தா, வேறெதுவுமா, இன்றைக்கும் தெரியாது. உங்கள் மையத்து கிடந்த வீட்டிலும் "குடியாம்" என்று குசுகுசுத்தார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்றுத்தான் காக்காவிடம் சொன்னேன். "குடிக்காத ஆக்களுக்கும் வரும் எண்டு டொக்டர் அண்டைக்கே சொன்னவர். நான்தான் ஒங்களுக்குச் சொல்லல்ல."

அவர் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். "கலியாண வீட்டில என்னத்துக்கு இந்தக் கதை? சோத்தத் தின்னு."

இத்தனை வருடம் கழித்துச் சொன்னதற்கு அவ்வளவுதான் பதில். அவரைக் கோபித்து என்ன? ஊதச் சொன்னது அவர் இல்லையே. தொழுகைக்கு வுழூ செய்து முகம் கழுவும் ஒவ்வொரு முறையும், நீங்கள் ஊதிய இடத்தில் என் கை நின்றுவிடுகிறது.