ஏழாம் அத்தியாயத்துப் பொறி

2024 ஏப்ரல் 8

நாவலை இன்று சென்னைப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். 312 பக்கம். உறையின் ஒட்டுகளின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டேன். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வரைபட உறைகளுக்கு அப்படித்தான் செய்தேன். எழுபத்தொரு வயதில் பழக்கம் எங்கே போகும்?

இன்னொரு ஏற்பாடும் உண்டு. மனைவி கனகலதாவிடம்கூடச் சொல்லவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்திருக்கிறேன். கதையில் வருவது எங்களைப் போன்ற ஜைன வீடு. விளக்கேற்றிய பிறகு மருமகள் மாமனாருக்குச் சோறு போடுகிறாள். பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. திருடுகிறவனுக்கு அது தெரியாது. அந்தச் சோற்றையும் சேர்த்தே திருடுவான். பிடித்துவிடலாம்.

கிழவனின் முதல் நாவலை யார் திருடப் போகிறார்கள் என்றும் தோன்றுகிறது.

மே 17

பதில் இல்லை.

ஜூன் 11

பதிப்பகத்திலிருந்து ரேவதி என்ற பெண் கூப்பிட்டாள். அவள்தான் பிரதியைப் பார்க்கிறாளாம். "நல்லாருக்குங்க சார், போடறோம். கொஞ்சம் பொறுங்க." பிடித்திருந்தால் ஏன் ஒப்பந்தம் அனுப்பவில்லை? எதற்காகப் பொறுக்க வேண்டும்?

கனகலதா சிரித்தாள். "போடலைன்னாலும் சந்தேகம், போடறோம்னாலும் சந்தேகம். உங்களுக்கு இன்னாதான் வேணும்?"



ஜூலை 18

ஆரணியிலிருந்து வீரேந்திரன், சித்தப்பா மகன், பேசினான். "அண்ணா, எங்க தெரு தமிழ் வாத்தியார்கிட்ட ஏதோ கதையில பத்து பக்கம் இருக்குது. மெட்ராஸ்லருந்து வந்துச்சாம். படிச்சா நம்ம வீடு மாதிரியே இருக்குது. உன்னுதா?"

எந்த இடம் என்று கேட்டேன். மருமகள் சோறு போடும் இடம் என்றான்.

என்னைக் கேட்காமல் ரேவதி வெளியே விட்டிருக்கிறாள். ஆரணியில் ஒன்று என்றால் வேறு எங்கெங்கே? யார் பெயரில்? — எட்டு வருஷம் எழுதினேனே, எட்டு வருஷம்!

போன் செய்து கேட்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவாள்.

ஜூலை 20

ஊரில் கிரிவலத்துக்கு வந்த பௌர்ணமிக் கூட்டம். தபால் நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரம். பதிவுத் தபால்: 'என் பிரதிகள் அனைத்தையும் திருப்பி அனுப்பவும். தாங்கள் செய்தது திருட்டு.' திருட்டு என்ற சொல்லை மூன்று முறை அடித்தேன், நான்காம் முறை எழுதிவிட்டேன். ஒட்டின் மேல் கையெழுத்து.

ஜூலை 22

காலையில் ரேவதி.

"சார், ஏழாவது சாப்டர்ல ஒரு டவுட்டு. விளக்கு வெச்சப்புறம் சாப்பிடறாங்களே, ஜைன வீட்ல அந்தப் பழக்கம் இல்லைனு கேள்விப்பட்டிருக்கேன். உங்களுக்கே சொல்லித் தர்ற மாதிரி ஆயிடுமோன்னு, ஆரணில ஒரு ஜைன நயினார் வாத்தியாருக்கு அந்தப் பத்து பக்கத்த மட்டும் அனுப்பிக் கேட்டேன். 'கூடவே கூடாதும்மா'ன்னுட்டார். மாத்திடலாங்களா?"

நான் வைத்த பொறி. திருடன் மிதிக்கவில்லை, ஒழுங்காகப் படித்தவள் மிதித்துவிட்டாள்.

"மாத்திடும்மா. வயசாயிடுச்சு" என்றேன். பொய்.

"அப்புறம், பதினொன்னுல கெணத்துக்கு வடக்க இருந்த வழி, கடைசில தெக்க போயிடுதுங்க."

அதை நான் வைக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்தவன்!

சொல்லாமல் முடியவில்லை. "ஒரு ரிஜிஸ்டர் தபால் வரும்மா. பிரிக்காத."

"அதுல இன்னா சார்?"

"தப்பா எழுதிட்டேன்."

"சரிங்க சார்."

யார்தான் பிரிக்காமல் இருப்பார்கள்? நான் இருந்திருப்பேனா?

ஆகஸ்ட் 30

ஒப்பந்தம் வந்தது. கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்திருக்கிறாள். படித்ததால்தான் பேசவில்லை.

டிசம்பர் 19

பத்துப் பிரதிகள் வந்தன. அட்டையில் என் பெயர். ஏழாம் அத்தியாயத்தில் மருமகள் முற்றத்தில் வெயில் இருக்கும்போதே சோறு போடுகிறாள். கிணற்றுக்கு வடக்கே வழி.

கட்டின் அடியில் என் பதிவுத் தபால். பிரிக்காமல்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டைப் பார்த்தேன். கையெழுத்தின் கோடு எங்கும் விலகவில்லை. இன்னொரு முறை பார்த்தேன்.

"ஏங்க, பொழுது போவுது. சாப்பிட வாங்க" என்றாள் கனகலதா.

மூன்றாம் முறை பார்க்காமல் எழுந்தேன்.