சக்களத்திச் சுவர்

மே 6
மழை விட்டுவிட்டது, வீட்டுக்குள் ஏறிய வெள்ளமும் வடிந்துவிட்டது. தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டேன். தைக்கக் கொடுத்த துணியில் சேற்று நாற்றம் போகவே இல்லை. மேட்டில் மாடி வீடு கட்டியவர்கள் முற்றம் முழுக்க சிமென்ட் பூசிவிட்டார்கள். அவர்கள் கூரையில் பெய்கிற மழையும் இப்போது எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. நல்ல மனிதர்கள், எதையும் தங்களுக்கென்று வைத்துக்கொள்வதில்லை.

மே 19
பள்ளிவாசல் பக்கத்தில் கூட்டம். இந்த ஆற்றுப் பள்ளத்தைக் காலி செய்து பூங்கா ஆக்கப்போகிறார்களாம். வீடு உள்ளவர்களுக்கு டார் எஸ் ஸலாமுக்கு வெளியே மனை. பருவநிலை மாறிவிட்டது என்று அதிகாரி படம் போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுப் பிலி அக்கா எழுந்தாள்.

"மாறிடுச்சு, சரி. மாத்தினது யாரு தம்பி? நான் அப்பம் சுடுற அடுப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த படத்தைப் போட்டார்.

மே 28
வீடுகளை அளக்க வந்தவள் எலினாமி, மலைப்பக்கத்துப் பெண். வந்ததும் "ஷிகாமூ" என்று பெரியவர்களுக்குரிய வணக்கம் சொல்லிவிட்டாள். அப்புறம் எப்படி முறைப்பது?

அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அது யாருடையது என்று கேட்டாள். நான்கு சுவர் இருந்தால்தான் வீடாம், வீட்டுக்குத்தான் மனை. மூன்று என்றால் வெறும் சாய்ப்பு. கையில் ஏதோ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"அக்காவோடது," என்றேன்.

"பொய் சொல்றா. செங்கல்லு வாங்கினது அவ புருஷன்," என்றாள் அக்கா.

"வாங்கினா போதுமா? மண்ணு குழைச்சு வெச்சது நீதானே?"

எலினாமி பேனாவை மூடினாள். "மத்த வீட்டுல எல்லாம் என்னுது என்னுதுன்னு அடிச்சுக்கிறாங்க. நீங்க என்னம்மா இப்படி? பேசி முடிச்சு வைங்க, திங்கக்கிழமை வரேன்."

மே 29
அக்காவோடு சண்டை. அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, புருஷன் எப்போதோ ஓடிப்போனான். மனையும் இல்லாவிட்டால் எங்கே போவாள்? எனக்காவது தாங்கா நகரத்தில் மகள் ரெஹேமா இருக்கிறாள். இதைச் சொன்னால், "ரெஹேமாம்மா, மருமகன் வீட்டுல எத்தனை நாளு வாய மூடிட்டு இருப்பே?" என்கிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறாள். எனக்கே மனை கிடைத்தாலும், அந்த இருமல் கேட்காத வீட்டில் நான் என்ன செய்வேன்?

ஜூன் 1
மானமே போயிற்று.

எலினாமி தன் மேலதிகாரியோடும் எங்கள் தெருத் தலைவர் கொம்போவோடும் வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்றார் அதிகாரி.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா, "சக்களத்திங்க," என்றாள். "ஒரே புருஷன். ஒரே வீடு, ரெண்டு வாசல். அது நடுச்சுவரு."

போய்ச் சேர்ந்த என் புருஷன் பக்ரியை அவளுக்கு ஆகவே ஆகாது! வாசலில் அவர் செருப்பைக் கண்டாலே திட்டுவாள். அதிகாரி கொம்போவைப் பார்த்தார். பக்ரியின் ஜனாஸாவில் அடக்கம் வரைக்கும் முன்னால் நின்றவர் கொம்போ, பக்ரிக்கு எத்தனை மனைவி என்று தெரியாதா? நெடுநேரம் தொண்டையைச் செருமினார்.

"ஆமா," என்றார். "ரெண்டு பேரும் ரொம்ப ஒத்துமை."

எலினாமி குனிந்து எழுதினாள். தோள் குலுங்கியது.

ஜூன் 2
பக்ரி, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒருத்தியையே உங்களால் சமாளிக்க முடியவில்லை.

நவம்பர் 14
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மனை. லாரியில் ஏறும்போது அக்கா அழுதாள். கேட்டால் புகை என்றாள். எந்த அடுப்பும் எரியவில்லை.

இங்கே மரமே கிடையாது. பேருந்துக்கு வெயிலில் நடக்க வேண்டும். அப்பம் வாங்க ஆள் இல்லை, துணி தைக்கவும் ஆள் இல்லை. ஊர் மூச்சுவிடத்தான் பூங்காவாம். நாங்களும் அந்த ஊரில்தானே இருந்தோம்? கோபம் ஆறவில்லை.

மார்ச் 23
விடியற்காலையில் பெருமழை. இது மேடு, தண்ணீர் வராது. தெரியும். ஆனாலும் மெத்தையைச் சுருட்டி மேசைமேல் ஏற்றினேன். அக்காவுக்கு முழங்கால் வலியாயிற்றே என்று அவள் அறைக்கு ஓடினேன். அவள் எப்படியோ தன் மெத்தையையும் மேசைமேல் ஏற்றிவிட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"இங்க வராதுல்ல?" என்றாள்.

"வராது."

"அப்ப நீ எதுக்கு ஓடி வந்தே?"

நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.